முள்வேலியும் வட்டமேசையும்

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து மேலேறும் பழைய சாலை, பேரா மாநிலத்தின் எல்லையைக் கடந்து பகாங்கினுள் புகுந்ததும் எதிர்ப்படும் முதல் ஊர் ரிங்லெட். கேமரன் மலைக்குச் செல்வோரிற் பலர் இங்கு வண்டியை நிறுத்துவதில்லை. தானா ராத்தாவையும் பிரிஞ்சாங்கையும் நாடி விரைந்துவிடுவர். ஆயினும், அம்மலைநாட்டின் உழைப்பு வரலாற்றை அறிய விழைவோர்க்கு ரிங்லெட்டே வாயில். 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்னும் ஆங்கிலேயர் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இவ்வூரின் அண்மையில்தான் இருக்கிறது. காட்டை அழித்துத் தேயிலைச் செடி நட்ட கைகளுள் தமிழ்க் கைகள் மிகப் பல. அடுத்த பள்ளத்தாக்குகளில் காய்கறி பயிரிட்டோர் சீனர். இவ்விரு சாராருக்கும் பன்னெடுங்காலம் முன்பிருந்தே அக்காட்டைத் தம் வீடாகக் கொண்டிருந்தோர் செமாய்ப் பூர்வகுடியினர்.

ரிங்லெட்டின் ஒரு பகுதிக்குப் ‘புதுக்கிராமம்’ என்பது பெயர். பெயரளவில் புதியதேயன்றி அது வயதேறிய குடியிருப்பு. மலாயாவின் அவசரகாலம் ஈன்ற பிள்ளை அது. ஓர் அரசின் பாதுகாப்புக் கொள்கை ஏட்டிலிருந்து இறங்கி, மண்ணில் முள்வேலியாக ஊன்றப்பட்டதன் எச்சமே அப்பெயர். பாதுகாப்பு என்னும் சொல்லுக்கு அன்றிருந்த பொருள் யாது, பின்னர் அப்பொருள் எவ்வாறு விரிந்தது, விரித்தவர் யாவர் என்னும் வினாக்களை எழுப்ப இதனினும் ஏற்ற இடம் வேறில்லை.

1948ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 16ஆம் நாள் பேராவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960ஆம் ஆண்டு ஜூலை 31 வரை நீடித்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் அனைவரும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டுமென்ற விதி 1948இலேயே வந்துவிட்டது. 1950ஆம் ஆண்டில் தளபதி பிரிக்ஸ் வகுத்த திட்டத்தின்படி, காட்டோரங்களில் வாழ்ந்த ஏறக்குறைய 5 இலட்சம் பேர் பெயர்க்கப்பட்டு, 400-க்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவருள் மிகப் பெரும்பாலோர் சீனர். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களும் ஓரிடத்தே திரட்டப்பட்டு வேலியிடப்பட்டன. வேலிக்கு வெளியே அரிசி கொண்டுசெல்லத் தடை. இருட்டிய பின் நடமாடத் தடை. காட்டிலிருப்போர்க்கு ஒரு பிடி சோறும் எட்டலாகாது என்பதே நோக்கம். அவ்வகையில் திட்டம் வெற்றி பெற்றது என்பதை மறுப்பதற்கில்லை. வேலிக்குள் இருந்தவருக்கோ, பாதுகாப்பு என்பது வாயிற்கதவில் நின்று சோற்றுத் தூக்கைத் திறந்து பார்த்த காவலனின் கையாக இருந்தது.

தமிழ்த் தொழிலாளர்க்கு இக்காலம் மற்றோர் இழப்பையும் கொணர்ந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் 1948இல் பதிவு இழந்தது. அதன் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி துப்பாக்கி வைத்திருந்தார் என்னும் குற்றச்சாட்டின்பேரில் 1949ஆம் ஆண்டு மே திங்கள் 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள்தான் பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். தோட்டத் தொழிலாளரின் கூலிக் கோரிக்கையும் ஆயுதப் புரட்சியும் ஒரே கோப்பில் வைத்துக் கட்டப்பட்ட காலம் அது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகும் வரை ஓர் அச்சம் லயங்களில் குடிகொண்டிருந்தது என்றால் மிகையாகாது.

இனி, இந்த முள்வேலி அனுபவம் ஆராய்ச்சிப் பொருளான கதையைக் காண்போம். அமெரிக்க அறிஞர் லூசியன் பை சரணடைந்த கம்யூனிஸ்டுகள் 60 பேரை நேர்கண்டு எழுதிய நூல் 1956இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வழியே வெளிவந்தது. மலாயாவின் பாதுகாப்புச் செயலாளராயிருந்த சர் ராபர்ட் தாம்சன் 1961 முதல் 1965 வரை தென் வியட்நாமுக்கான பிரிட்டிஷ் ஆலோசனைக் குழுவிற்குத் தலைமை தாங்கினார். அங்கே 1962இல் தொடங்கிய ‘அரண் சிற்றூர்’த் திட்டத்தில் மலாயாப் புதுக்கிராமத்தின் சாயல் தெளிவாகத் தெரிந்தது. கலிபோர்னியாவில் 1948இல், அதாவது மலாயாவில் அவசரகாலம் பிறந்த அதே ஆண்டில், தனிக் கழகமாக அமைந்த ராண்ட் ஆய்வு நிறுவனம் மலாயா அனுபவத்தைத் திரும்பத் திரும்ப அலசியது. வியட்நாமில் அமெரிக்காவின் கிராம அமைதித் திட்டத்தை நடத்திய ராபர்ட் கோமர் 1972இல் அந்நிறுவனத்திற்கு எழுதிய அறிக்கை முழுவதும் மலாயா அவசரகாலத்தைப் பற்றியதே.

இதில் ஒரு விந்தை உண்டு. மலாயாவின் வேலிகளைப் பற்றி அதிகம் எழுதியோர் அவ்வேலிக்குள் வாழாதவர். எழுதப்பட்டது வேறொரு நாட்டில் வேலி எழுப்புதற்காக. மருந்து ஒரு நோயாளியிடம் பலித்தது என்பதற்காக மற்றொரு நோயாளிக்குப் புகட்டப்பட்டது. வியட்நாமில் அது பலிக்கவில்லை. மலாயாவில் குடியுரிமையும் விடுதலையும் வேலியோடு சேர்ந்து வந்தன என்னும் உண்மையை ஆய்வாளர் சிலர் எழுதவே செய்தனர். கொள்கை வகுத்தோரின் கண்ணில் வேலியே பெரிதாகப் பட்டது போலும்.

இந்நிலை மாறிய வரலாறு 1967ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் பாங்காக்கில் தொடங்குகிறது. ஆசியான் அமைப்பின் பிறப்பு ஆவணத்தில் ஐவர் கையொப்பமிட்டனர். மலேசியாவின் சார்பில் துன் அப்துல் ரசாக், இந்தோனேசியாவின் சார்பில் ஆதாம் மாலிக், தாய்லாந்தின் சார்பில் தானாட் கோமன், பிலிப்பீன்சின் சார்பில் நார்சிசோ ராமோஸ், சிங்கப்பூரின் சார்பில் எஸ். இராசரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்த இராசரத்தினம் வளர்ந்தது சிரம்பானில். தந்தையார் ரப்பர்த் தோட்டத்தில் மேற்பார்வையாளர். தோட்டத்து மண்ணை மிதித்து வளர்ந்த ஒருவர் ஒரு வட்டாரத்தின் அமைதிப் பத்திரத்தில் கையொப்பமிட்டதையும், சிங்கப்பூரில் 1996இல் தோன்றிய பாதுகாப்பு ஆய்வுக் கழகம் 2007இல் அவர் பெயரைச் சூடிக்கொண்டதையும் தமிழர் இன்னும் போதிய அளவு அறியவில்லை.

கையொப்பம் இட்டாயிற்று, சிந்தனைக்கு இடம் வேண்டுமே! சிங்கப்பூரில் 1968ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தின்வழி தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. 1972 முதல் 1992 வரை அதன் இயக்குநராயிருந்தவர் கெர்னியல் சிங் சாந்து. புவியியல் அறிஞரான அவர் அவசரகாலக் குடிபெயர்ப்பைப் பற்றி 1964இல் விரிவான கட்டுரையொன்றை எழுதியவர். மலாயா இந்தியரின் குடியேற்ற வரலாற்றை 1969இல் நூலாக வெளியிட்டவரும் அவரே. வேலியின் கதையை வேலிக்கு உள்ளிருந்து நோக்கிய ஓர் அறிஞர் வட்டார ஆய்வுக் கழகத்தின் தலைமைக்கு வந்தது எளிதில் கடந்து செல்லத்தக்க செய்தியன்று.

ஜாகர்த்தாவில் 1971இலும், பாங்காக்கின் சுலாலங்கோன் பல்கலைக்கழகத்தில் 1981இலும் உத்திமுறை ஆய்வுக் கழகங்கள் அமைந்தன. கோலாலம்பூரில் 1983ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் மலேசிய உத்திமுறை, அனைத்துலக ஆய்வுக் கழகம் தோன்றியது. பத்திரிகை ஆசிரியராகப் புகழ்பெற்ற நோர்டின் சோப்பி அதனை வழிநடத்தினார். செய்தித்தாள் அலுவலகத்தில் பழகியவர் ஆதலின், நூறு பக்க ஆய்வைவிட உரிய நாளில் அமைச்சரின் மேசையைச் சேரும் மூன்று பக்கக் குறிப்பு வலிமையுடையது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1984இல் பாலித் தீவில் கூடிப் பேசத் தொடங்கிய இக்கழகங்கள் 1988ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சிங்கப்பூரில் ஒரு கூட்டமைப்பாக இணைந்தன. மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர், பிலிப்பீன்சு ஆகிய ஐந்து நாடுகளின் கழகங்கள் அதன் முதல் உறுப்பினர். அதற்கு முந்திய 1987ஆம் ஆண்டிலேயே கோலாலம்பூரில் ஆசிய பசிபிக் வட்டமேசை மாநாடு தொடங்கிவிட்டது. அம்மாநாட்டின் நடைமுறை சுவையானது. அரசு அதிகாரிகளும் படைத்தலைவர்களும் பேராசிரியர்களோடு ஒரே மேசையில் அமர்வர். அதிகாரிகள் தம் ‘சொந்தப் பொறுப்பில்’ வந்திருப்பதாகச் சொல்லப்படும். அது உண்மையன்று என்பது மேசையைச் சுற்றியிருந்த யாவருக்கும் தெரியும். எனினும் அந்த நாகரிகமான பொய்யின் நிழலிலேதான் பகைவர் இருவர் அருகருகே அமர்ந்து தேநீர் அருந்த முடிந்தது. அமைச்சர் ஒரு கருத்தைச் சொன்னால் அது நாட்டின் நிலைப்பாடு ஆகிவிடும். ஆய்வாளர் சொன்னால் அது வெறுங்கருத்து; பிடித்தால் எடுத்துக்கொள்ளலாம், பிடிக்காவிடில் கேளாததுபோல் இருந்துவிடலாம். இவ்வட்டாரத்தில் ஆய்வுக் கழகங்கள் பெற்ற செல்வாக்கின் மறைபொருள் இதுவே எனலாம்.

அவை செய்த முதற்பணி பாதுகாப்பு என்னும் சொல்லை விரித்ததாகும். 1980இல் ஜப்பானியப் பிரதமர் ஓஹிரா அமைத்த ஆய்வுக் குழு, உணவு, எரிபொருள், பூகம்பம் ஆகியவற்றையும் நாட்டின் பாதுகாப்பில் அடக்கி அறிக்கை தந்தது. மலேசியாவில் துணைப் பிரதமராயிருந்த மூசா ஹீத்தாம் 1984இல் முழுதளாவிய பாதுகாப்புக் கோட்பாட்டை விளக்கினார். வட்டார அமைதி, வலுவான ஆசியான் ஆகிய இரண்டோடு, நாடு தன்னுள்ளே நலமாயிருத்தல் என்பதை மூன்றாவது தூணாக, அதுவும் அடிப்படைத் தூணாக, அவர் வைத்தார். 1986ஆம் ஆண்டு ஜூலை திங்களில் உத்திமுறை ஆய்வுக் கழகம் கூட்டிய தேசியப் பாதுகாப்பு மாநாட்டில் பிரதமர் மகாதீர், அரசியல் நிலைப்பாடு, பொருளாதார வெற்றி, சமூக இணக்கம் ஆகியவற்றினின்றும் பாதுகாப்பைப் பிரிக்கவியலாது என்று வலியுறுத்தினார். சோற்றைத் தடுப்பது பாதுகாப்பு என்றிருந்த நாட்டில், சோறு கிடைப்பது பாதுகாப்பு என்று அரசே பேசும் நிலை 36 ஆண்டுகளில் வந்தது. அப்பேச்சுக்கு மேடை அமைத்துத் தந்தது ஓர் ஆய்வுக் கழகம் என்பது குறிக்கத்தக்கது.

இரண்டாம் பணி இன்னும் நுட்பமானது. பனிப்போர் முடிந்தது. பிலிப்பீன்சிலிருந்து அமெரிக்கத் தளங்கள் வெளியேறும் சூழல் உருவானது. கம்போடியப் போருக்குத் தீர்வு நெருங்கியது. 35 நாடுகள் 1975இல் ஹெல்சின்கியில் கையொப்பமிட்ட ஐரோப்பிய ஏற்பாட்டைப் போன்றதொன்றை ஆசியாவிலும் நிறுவலாம் என ஆஸ்திரேலிய அமைச்சர் கேரத் இவான்ஸ் 1990இல் கூறினார். அயலார் தைத்த சட்டை ஆசியானுக்குப் பொருந்தவில்லை. பேச்சுவார்த்தை வேண்டும் என்பதில் ஐயமில்லை. யாருடைய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசுவது என்பதே சிக்கல். இந்த வேளையில்தான், 1991ஆம் ஆண்டு ஜூன் திங்களில், ஆசியான் ஆய்வுக் கழகங்களின் கூட்டமைப்பு அரசுகளுக்கு ஒரு மகஜர் அளித்தது. ஆசியான் வெளியுறவு அமைச்சர்களின் ஆண்டுக் கூட்டம் முடிந்ததும் நட்பு நாடுகளின் அமைச்சர்களோடு கூடிப் பேசும் வழக்கம் முன்பே இருந்தது. புதிய அமைப்பு எதையும் தேடியலையாமல், அந்தத் திண்ணையையே பாதுகாப்புப் பேச்சுக்கும் பயன்படுத்தலாம் என்பது மகஜரின் சாரம். 1992 ஜனவரியில் சிங்கப்பூரில் கூடிய உச்சநிலை மாநாடு இக்கருத்தை ஏற்றது. 1994ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பாங்காக்கில் ஆசியான் வட்டார மன்றம் முதன்முறை கூடியபோது அமெரிக்காவும் சீனாவும் ரஷ்யாவும் ஐரோப்பிய ஒன்றியமும் உட்பட 18 தரப்பினர் அமர்ந்திருந்தனர்.

மகஜரினால் மட்டுமே மன்றம் பிறந்தது என்பது வரலாற்றுக்கு ஒவ்வாத புகழ்ச்சி. ஜப்பானிய அமைச்சர் நக்கயாமாவும் 1991 ஜூலையில் ஏறக்குறைய அதே யோசனையை முன்வைத்தார். அன்று வரவேற்பு குறைவாகவே இருந்தது. கருத்து ஒன்றே, சொன்ன வாய்தான் வேறு. வட்டாரத்தின் சொந்தக் கழகங்கள் அதே கருத்தைச் சொன்னதால் அதனை ஏற்பதில் அரசுகளுக்கு மானக்குறைவு நேரவில்லை. 1993 ஜூனில் கோலாலம்பூரில் ஆசிய பசிபிக் பாதுகாப்பு ஒத்துழைப்பு மன்றம் அமைந்து, அதன் செயலகப் பொறுப்பையும் மலேசியக் கழகமே ஏற்றபோது, அரசுகளின் முதல் தடத்திற்கு இணையாக அறிஞர்களின் இரண்டாம் தடமும் நிலைபெற்றது.

ஐரோப்பாவில் நிகழ்ந்ததோடு இதனை ஒப்பிடுதல் பயன் தரும். மேற்கு ஐரோப்பிய ஒன்றியம் 1990இல் பாரிசில் ஒரு பாதுகாப்பு ஆய்வுக் கழகத்தை அமைத்தது. 2002 முதல் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்த உறுப்பாயிற்று. 2003ஆம் ஆண்டில் ஈராக் போர் ஐரோப்பிய நாடுகளை இரு கூறாகப் பிளந்திருந்த வேளையில், ஹாவியர் சொலானாவின் பொறுப்பில் பொதுப் பாதுகாப்பு உத்தி ஒன்று வரையப்பட்டது. அவ்வரைவு ரோமாபுரியிலும் பாரிசிலும் ஸ்டாக்ஹோமிலும் நடந்த மூன்று கருத்தரங்குகளில் ஆய்வாளர்களால் புடைத்தெடுக்கப்பட்ட பின்னரே டிசம்பரில் தலைவர்களின் ஒப்புதலைப் பெற்றது. அங்கே ஆய்வுக் கழகம் ஒன்றியத்தின் வீட்டுப் பிள்ளை. பொது ஆவணத்தைத் திருத்தும் உரிமை அதற்கு உண்டு. இங்கோ கழகங்கள் அண்டை வீட்டு நண்பர்கள். கதவு திறந்திருக்கும் வேளையில் உள்ளே வந்து பேசலாம், மூடியிருந்தால் வாசலில் நிற்க வேண்டியதே.

கதவு மூடிய வேளைகளும் பல. ஜாகர்த்தாக் கழகத்தைத் தோற்றுவிப்பதில் அதிபர் சுகார்த்தோவுக்கு நெருங்கியவரான அலி மூர்த்தோப்போவின் பங்கு பெரிது. மலேசியக் கழகத் தலைமைக்குப் பிரதமரோடு நெருக்கம் இருந்தது. செவிக்கு அருகில் நிற்பவரின் சொல் விரைந்து ஏறும். ஆனால் அச்செவி கேட்க விரும்பாததைச் சொல்லும் துணிவு குறைந்துபோகும். ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் மற்றொரு நாடு தலையிடலாகாது என்னும் ஆசியான் விதி, கழகங்களின் நாவையும் ஓரளவு கட்டியது. 1997இல் காட்டுத் தீயின் புகை வட்டாரத்தை மூடியபோது, முழுதளாவிய பாதுகாப்பு என்னும் கோட்பாட்டினால் புகையை விலக்க இயலவில்லை. எல்லை கடந்த புகைமாசு ஒப்பந்தம் 2002இல் கோலாலம்பூரில் கையொப்பமாயிற்று. இந்தோனேசியா அதனை உறுதிப்படுத்தியது 2014இல். இடையே பன்னிரண்டு ஆண்டுகள்!

ரிங்லெட்டுக்குத் திரும்பினால், இவ்விடைவெளி இன்னும் அருகில் தெரிகிறது. ஊரை ஒட்டிய சுல்தான் அபு பாக்கார் அணை 1960களில் கட்டப்பட்டது. மேட்டு நிலங்கள் அழிக்கப்பட்டதால் வண்டல் இறங்கி அணையின் ஏரி தூர்ந்துகொண்டே வந்தது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் அதிகாலையில், பெருமழைக்கிடையே அணைநீர் திறந்துவிடப்பட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது. உயிர்கள் பறிபோயின, வீடுகள் சிதைந்தன. மண், மழை, மின்சாரம், காய்கறி விலை, அயல்நாட்டுக் கூலியாள் ஆகிய அனைத்தும் ஒரே இரவில் ஒன்றையொன்று தொட்ட நிகழ்ச்சி அது. முழுதளாவிய பாதுகாப்பு எது என்று மாணவர்க்கு விளக்க விரும்பும் ஆசிரியர் வேறு எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

தோட்டத்து மக்களின் நிலை இதனினும் பழைய கணக்கு. நாடு விடுதலை பெற்ற பின்னரும் குடியுரிமை பெறாது சிவப்பு அடையாள அட்டையோடு நின்ற தமிழ்த் தொழிலாளர் மிகப் பலர். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிப் பத்திரத்தை விதித்தபோது, பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். தங்கியிருந்தோரின் பிள்ளைகள் படிப்படியாகப் பட்டணம் சேர்ந்தனர். அரசுகளின் பாதுகாப்பைப் பேசிய மேசையில் இத்தகையோரின் பாதுகாப்பு நெடுங்காலம் இடம்பெறவில்லை. அக்குறையை உணர்ந்தே, ஆய்வுக் கழகங்களின் கூட்டமைப்பு 1994 முதல் மனித உரிமைக் கருத்தரங்குகளை நடத்தியது. 2000ஆம் ஆண்டு நவம்பரில் பாத்தாம் தீவில் ஆசியான் மக்கள் பேரவையைக் கூட்டியது. அமைச்சரும் தளபதியும் மட்டுமே வந்துபோன அவைக்குத் தொண்டு அமைப்புகளும் அழைக்கப்பட்டன. மூசா ஹீத்தாமின் தலைமையில் சான்றோர் குழு 2006இல் தந்த பரிந்துரைகள் ஆசியான் சாசனத்திற்கு வழிகோலின. சாசனம் 2008 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. மனித உரிமை ஆணையம் 2009இல் அமைந்தது.

புலம்பெயர் தொழிலாளரைப் பற்றிய ஆசியான் பிரகடனம் 2007ஆம் ஆண்டு ஜனவரியில் செபு நகரில் வெளியாயிற்று. அதனை நடைமுறைப்படுத்தும் இணக்கப் பத்திரம் மணிலாவில் கையொப்பமானது 2017இல்; அதுவும் சட்டத்தின் கட்டு இல்லாத பத்திரம். இன்று கேமரன் மலையின் தோட்டங்களில் வேலை செய்வோருள் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் பலர். பழைய லயங்களின் அருகே புதிய குடியிருப்புகள். அவர்களின் பையிலும் ஓர் அட்டை, அதிலும் ஒரு காலக்கெடு. வங்காளதேசம் 2006இல் ஆசியான் வட்டார மன்றத்தில் சேர்ந்தது. நேப்பாளம் அம்மன்றத்தில் உறுப்பு வகிக்கவில்லை. மலைச்சரிவிலோ இரு நாட்டாரும் அடுத்தடுத்த நிரையில் நின்றே கொழுந்து வெட்டுகின்றனர்.